படியைப் பயன்படுத்தவும்

எங்கள் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவருக்குக் கடிகாரம் என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணன், முதுகுக்குப் பின்னால் கடிகாரம். மேடையில் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் அவர் உட்கார்ந்திருப்பார் என்பதால் இரண்டு பெயரும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தன. அவர் கண்டுகொண்டதில்லை.

பதினாலு வருஷத்தில் அவர் ஒரு தாளம் தப்பி நான் பார்க்கவில்லை. ஒரு கச்சேரியின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கிட்டார், கீபோர்டு, என்னுடைய பேஸ் கிட்டார் எல்லாம் ஊமையாகிவிட்டன. அவர் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தார். கரண்ட் வர ஆறு நிமிஷம் ஆனது. வந்தபோது, விட்ட இடத்தில் விட்ட வேகத்தில் இருந்தார். நாங்கள் போய் ஒட்டிக்கொண்டோம்.

வேலை லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் நாற்பத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில். பை நிறைய ஸ்பேனர், கிரீஸ் டப்பா, ஒரு மஞ்சள் பலகை. எந்தச் சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலும் உதடு அசையாமல் ஏதோ முணுமுணுப்பார். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் டியூப்லைட் போடுவதற்குக்கூட அப்படித்தான். சாமி கும்பிடுகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குழுவில் பாட்டு எழுதிப் பாடி, கிட்டாரும் வாசித்தது அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. பகலில் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவன். நல்ல குரல், நல்ல பாட்டு, பொறுமை மட்டும் கிடையாது. பாடும்போது எப்போதும் தாளத்துக்கு அரையடி முன்னால் ஓடுவான். ஓடிவிட்டு, திரும்பிப் பார்த்து, "மாமா இழுக்குறாரு" என்பான். கீபோர்டு வாசித்தது ஒரு கணக்கு டீச்சர். அவளும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இவ்வளவுதான் குழு. நாலு பேருமே நாற்பதை நெருங்கிக்கொண்டோ தாண்டிக்கொண்டோ இருந்தோம். எங்கள் பெயர் தெரிந்தவர்கள் ஊரில் ஒரு ஐந்நூறு பேர் இருக்கலாம். அதில் சொந்தக்காரர்களைக் கழிக்க வேண்டும்.

மூன்றாவது ஆல்பம் பதிவு செய்யும்போது எல்லாம் உடைந்தது. ஒரே பாட்டைக் காலையிலிருந்து பதினேழு தடவை எடுத்தாயிற்று. பதினெட்டாவதில் மச்சினன் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் போட்டான்.

"மாமா, நீங்க மனுஷனா மெஷினா? உங்க இடத்துல ஒரு மெஷின வாங்கி வச்சா அதுவும் இதையேதான் வாசிக்கும். கூடவே மதியச் சாப்பாடு கேக்காது."

சொன்னதும் அவனே சிரித்தான், யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. கடிகாரம் குச்சிகளைத் துணியில் சுற்றினார். பையில் வைத்தார். "சரி, பாத்துக்கோங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் கதவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது அவர் மனைவி. அந்த அக்கா தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊராரின் வசவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அங்கே இது. "இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் தம்பி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது சரியாத்தான் இருக்கு" என்றாள் என்னிடம். "ஆனா மத்தளமாவது வாயத் திறந்து சத்தம் போடுது. இந்த மனுஷன் அதுவும் இல்ல."

டீச்சருக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் என் கடையின் பின்னறைக்கு வரச் சொன்னாள். கண் பரிசோதிக்கும் அறை அது. சுவரில் எழுத்துப் பலகை, நடுவில் ஏறி இறங்கும் நாற்காலி. மாமனும் மச்சினனும் வேறு வேறு சுவரைப் பார்த்து நின்றார்கள். டீச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவை நீட்டினாள். உள்ளே நாலு சீட்டு.

"நம்ம குழு அப்படியே கெடக்கட்டும். அத யாரும் தொட வேண்டாம். இது வேற குழு. ஒரே ஒரு விதி. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச வாத்தியத்த அவங்கவங்க தொடக் கூடாது."

"எதுக்கு இந்த விளையாட்டு?" என்றான் மச்சினன்.

"பதினாலு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் எப்படி வாசிக்கணும்னு வகுப்பெடுத்துட்டு இருக்கோம். ஒருத்தராவது வாசிச்சுப் பாத்திருக்கோமா? எடு."

அவன் எடுத்தான். டிரம்ஸ். எனக்கு வந்தது அக்கார்டியன், தோளில் மாட்டி இழுத்து வாசிக்கிற ஆர்மோனியம். மாட்டிக்கொண்டால் கைக்குழந்தையைத் தூக்கிவைத்திருப்பதுபோல் இருக்கும், அழுகையும் அதே ரகம். டீச்சருக்குக் கிட்டார். கடைசிச் சீட்டு கடிகாரத்துக்கு. பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார், தப்பாக எழுதியிருக்கிறதோ என்று. டிரம்பெட் என்று இருந்தது. டீச்சரின் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில், நெளிந்த மூக்கோடு ஒன்று கிடந்ததாம்.

"ஊதுறதா? நானா?" என்றார். மூன்று மாதத்தில் எங்கள் முன்னால் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

யார் பாடுவது என்று கேள்வி வந்தது. பாடத் தெரிந்தவன் பாடக் கூடாது. டீச்சர் கிட்டாரில் விரலைத் தேடுவதற்கே நேரம் போதாது என்றாள். அப்படி, எண்ணெய் காணாத கதவுக் கீல் போன்ற என் குரலுக்கு அந்த வேலை வந்தது. குழுவுக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தின் பையிலிருந்து மஞ்சள் பலகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழுது பார்க்கும்போது லிஃப்ட் வாசலில் மாட்டுவது. 'பழுதுபார்ப்பு நடக்கிறது. படியைப் பயன்படுத்தவும்.' டீச்சர் இரண்டாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். அதுவே பெயரானது.

டிரம்பெட்டை வீட்டில் ஊத அக்கா இரண்டு நாள்தான் விட்டாள். "ஆபீஸ்ல எட்டு மணி நேரம் கேக்கறேன். வீட்லயும் புகார் வந்தா நான் எங்க போறது?" என்றாள். அவர் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்றின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, அங்கே உட்கார்ந்து அரைமணி நேரம் ஊதினார். கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே கேட்காது என்று கணக்கு. ஆனால் அந்த அறையின் தரையில் கம்பிவடம் இறங்குவதற்கு ஓட்டைகள் உண்டு. அவர் மேலே ஊதியது லிஃப்ட் குழி வழியாகப் பதினோரு மாடிக்கும் இறங்கியது.

நாலாம் நாள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது: 'லிஃப்டுக்குள் ஏதோ பிராணி மாட்டிக்கொண்டு கத்துகிறது. உடனே வரவும்.' அந்தக் கட்டடம் யார் பொறுப்பு? இவர் பொறுப்பு. இவரையே அனுப்பினார்கள். போனார். மாடி மாடியாகக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், கூட நின்ற குடியிருப்புச் செயலாளர் திருப்திப்படும்வரை. பிறகு அறிக்கையில் எழுதினார்: 'பார்த்தேன். பிராணி இல்லை. இனி வராது.' பொய் எழுதத் தெரியாத மனிதர். ஒரு வரிகூடப் பொய் இல்லாமல் எழுதிவிட்டேன் என்று அதை அவரே எங்களுக்குச் சொன்னபோது, அந்த அறையில் மூன்று மாதத்துக்குப் பிறகு மாமனும் மச்சினனும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அதன்பின் டிரம்பெட்டின் அகன்ற வாயில் ஒரு பழைய சாக்ஸைச் செருகிக்கொண்டு தொடர்ந்தார். ஏழாவது மாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒரு பெண், "ஒரு மணிக்கு ஒரு சத்தம் வருமே, இப்ப ஏன் சன்னமாயிருச்சு? அத வச்சுத்தான் நான் சாப்பிட எழுந்துப்பேன்" என்று அவரிடமே விசாரித்தாளாம். சாக்ஸை எடுத்துவிட்டார்.

ஞாயிறுதோறும் கடை அடைத்திருக்கும் நேரத்தில் பயிற்சி. நாங்கள் எவ்வளவு மோசமாக வாசித்தோம் என்பதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. டீச்சர் கிட்டாரில் ஒரு கார்டிலிருந்து விரல்களை மாற்றி அடுத்ததற்குப் போவதற்குள் பஸ் வந்துவிடும். மச்சினனுக்குக் கை ஒன்று சொன்னால் கால் ஒன்று செய்தது. வியர்த்து ஒழுகினான். இரண்டு நிமிஷப் பாட்டை ஒழுங்காக ஒரே வேகத்தில் முடிக்க ஏழு வாரம் ஆயிற்று அவனுக்கு. அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பார்த்துக்கொண்டே, "இத எப்படி மாமா ரெண்டு மணி நேரம் பண்ணீங்க?" என்றான். மாமா ஸ்டூலின் உயரத்தை இரண்டு திருகு இறக்கிவிட்டார்.

அவருடைய சிக்கல் வேறு. நாங்கள் மூவரும் தப்பு விட்டால் சிரித்தோம், திட்டிக்கொண்டோம். அவர் ஒவ்வொரு தப்புக்கும் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து, "ஸாரி" என்றார். ஒரு பாட்டுக்கு இருபது ஸாரி. பாட்டே அதனால் நின்று நின்று நகர்ந்தது. டிரம்பெட்டில் தப்பு விடாமல் இருக்க முடியாது. உதடு களைத்தால் போயிற்று, மூச்சு குறைந்தால் போயிற்று. எண்ணிக்கொண்டிருந்தால் ஊத முடியாது. ஊதினால் எண்ண முடியாது. அவர் வெளிறிப்போவார்.

நாலாவது மாதம் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "இனிமே இந்த ரூம்ல யாரும் ஸாரி சொல்லக் கூடாது. ரெண்டாவது விதி."

பாட்டை ஆரம்பித்தோம். மூன்றாவது வரியில் அவர் சறுக்கினார். "ஸாரி" என்றார். உடனே, "ஸாரி, சொல்லிட்டேன்" என்றார்.

மச்சினன் வாய்விட்டுச் சிரித்தான். "மாமா, தப்பு விட்டா யார் செத்துப்போறாங்க?"

அவர் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே எழுத்துப் பலகை. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சாகல. ரெண்டு விரல் போச்சு."

மச்சினன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"எனக்கு இருபத்திமூணு வயசு. வேலைக்குச் சேந்து எட்டு மாசம். நான் மேல மெஷின் ரூம்ல. கூட்டாளி கீழ, லிஃப்ட் கூண்டு மேல நின்னு கப்பியில வடத்தச் சரிபண்ணிட்டு இருந்தான். அவன் குரல் கொடுத்தா நான் நாலு எண்ணிட்டு சுவிட்சப் போடணும். அந்த நாலுக்குள்ள அவன் கைய எடுத்துருவான். அதான் எங்க பழக்கம். குரல் கொடுத்தான். நான் மூணுலயே போட்டுட்டேன்."

"ஏன்?" என்று கேட்டது டீச்சர்.

"ஏன்னு தெரியல. பசியா இருந்துச்சு. சாப்பாட்டு நேரம்." டிரம்பெட்டின் நெளிந்த மூக்கைத் தடவிக்கொண்டு, "அதுக்கப்புறம்தான் டிரம்ஸ் கத்துக்கிட்டேன்" என்றார். "நாலு வரைக்கும் எண்ணுறதுக்கு ஒரு வேலை வேணும்போல இருந்துச்சு."

சுவிட்சுக்கு முன்னால் அவர் முணுமுணுத்தது சாமி பெயர் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பதினைந்து வருஷமாக ஒரே குடும்பம். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும். ஒரு தடவ சொன்னேன். திருப்பிக் கேக்கல அவ."

"அந்தக் கூட்டாளிய அப்புறம் பாத்தீங்களா?"

"இல்ல."

"மாமா… நான் அன்னிக்கு மெஷின்னு சொன்னது…"

"விடு மாப்ள. இந்த ரூம்ல ஸாரி சொல்லக் கூடாது" என்றார் அவர்.

அவன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அதற்குமேல் வாசிக்கவில்லை. நான் கடையைப் பூட்டும்போது இருவரும் தெருமுனைவரை ஒன்றாக நடந்து போவதைப் பார்த்தேன்.

எட்டாவது மாதம் ஒரு நிகழ்ச்சிக்குத் துணிந்தோம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சிறிய ஹால், ஞாயிறு மாலை நாலு மணி. நாற்பது நாற்காலி போட்டோம், முப்பத்தெட்டு நிறைந்தன. டீச்சரின் பள்ளி ஆசிரியைகள், பெயின்ட் கடைக்காரர், என்னிடம் கண்ணாடி போட்டவர்கள் சிலர். ஏழாவது மாடிப் பெண்கூட வந்திருந்தாள். அக்கா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், தப்பித்து ஓட வசதியாக உட்கார்ந்தாள்.

மொத்தம் ஆறு பாட்டு. எல்லாமே எங்களால் முடிந்ததை வைத்துச் செய்தவை. கடிகாரத்துக்கு நிச்சயமாக வந்த சுரம் ஐந்து. அதனால் எல்லாப் பாட்டும் ஐந்து சுரத்துக்குள். வார்த்தைகளும் சின்னச் சின்னதாக இருந்தன. என் மூச்சுக்கு அவ்வளவுதான் நீளம். முதல் இரண்டு பாட்டும் ஒருவாறு போயின. ஜனங்கள் கைதட்டினார்கள். அன்பாகத்தான் தட்டினார்கள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் மச்சினன் ஓட ஆரம்பித்தான். பாடும்போது ஓடுகிற அதே பழக்கம். ஆனால் டிரம்ஸில் ஓடினால் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். டீச்சர் பின்தங்கினாள். அவளுக்காக நிதானிக்கப் பார்த்தான், கால் சிக்கிக்கொண்டது. குச்சி ஒன்று கையிலிருந்து நழுவி என் அக்கார்டியனில் பட்டு விழுந்தது. பாட்டு நின்றேவிட்டது.

முப்பத்தெட்டுப் பேர் முன்னால் மௌனம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மச்சினன் பழைய வழக்கப்படி மாமா முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷமும் எந்தக் குழியில் விழுந்தாலும் தூக்கிவிட்டது அந்த மனிதரின் எண்ணிக்கைதான். இப்போதும் அவர் நினைத்தால் முடியும். காலால் தரையில் நாலு தட்டு தட்டினால் போதும், எல்லாரும் ஏறிக்கொள்வோம். அவர் கால் எழும்பியதை நான் பார்த்தேன். எழும்பிய கால் அப்படியே சத்தமில்லாமல் இறங்கியது.

டிரம்பெட்டை வாயில் வைத்து ஒரே ஒரு சுரத்தை ஊதினார். வேகம் இல்லை, தாளம் இல்லை. அதுபாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. நான் அந்தச் சுரத்தை அக்கார்டியனில் தேடிப் பிடித்துக்கொண்டேன். டீச்சருக்குத் தன் அடுத்த கார்டுக்குப் போக ஜென்மத்தில் முதல் தடவையாகப் போதுமான நேரம் கிடைத்தது. மச்சினன் குனிந்து குச்சியை எடுத்தான். நிமிர்ந்தான். அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நீண்ட மூச்சு விட்டான். பிறகு தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது ஆரம்பித்தான். அவன் முதல் அடி விழுந்த அதே நொடியில் கடிகாரத்தின் மூச்சு தீர்ந்து, சுரம் உடைந்து, கழுத்தைப் பிடித்த சேவல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஹாலே சிரித்தது. நான் அவரைப் பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்து, குலுங்கிக் குலுங்கி. ஸாரி சொல்லவில்லை. கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றிருந்தாள். ஓடுவதற்காக இல்லை.

அந்த ஆறு பாட்டையும் பதிவு செய்து இணையத்தில் போட்டோம். எங்கள் உண்மையான குழுவின் பாட்டுகளைவிடச் சற்று அதிகம் பேர் கேட்டார்கள் என்பதில் மச்சினனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வெளியே சொல்ல மாட்டான். பழைய குழுவும் கூடியது. கடிகாரம் டிரம்ஸுக்குத் திரும்பினார். மூன்றாவது ஆல்பத்தை முதலிலிருந்து எடுத்தோம். அந்தப் பதினெட்டுத் தடவைப் பாட்டு இரண்டாவது தடவையிலேயே முடிந்தது. கேட்டுப் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் தாளம் லேசாகத் தளர்ந்து, மச்சினன் ஒரு வரியை நீட்டிப் பாடி முடிக்கும்வரை நிற்கும். திருத்தலாமா என்று பதிவு செய்தவர் கேட்டார். வேண்டாம் என்றது மச்சினன்.

சில மாதம் கழித்து, ஒரு வேலை நாளில் கடிகாரம் கடைக்கு வந்தார். கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இது தெளிவா, அது தெளிவா. நடுவில், கேட்காமலே சொன்னார்.

"நேத்து அவனப் போய்ப் பாத்தேன்."

யாரை என்று எனக்குப் புரிந்தது. கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தேன்.

கூட்டாளி இப்போது சாவி செய்கிற கடை வைத்திருக்கிறாராம், நகரத்தின் மறுகோடியில். இவர் போய் நின்றதும், "எந்தப் பூட்டு?" என்று கேட்டாராம். ஆளைத் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். இருபத்திமூணு வருஷமா மனசுக்குள்ள எழுதி வச்சிருந்தேன். அவன் சொல்ல விடல. 'விரலுக்காக எனக்குக் கோவம் இல்ல, அந்த வேலைல அது நடக்கும், நாளைக்கே உன் விரல் என்னால போயிருக்கலாம். ஆஸ்பத்திரில பத்தொம்பது நாள் கெடந்தேன், ஒவ்வொரு நாளும் வாசலப் பாத்தேன், நீ வரல, அதுக்குத்தான் கோவம், இப்பவும் இருக்கு'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் சொன்னது உண்மைதான. நின்னுட்டே இருந்தேன். ஒரு ஆள் பெட்டிச் சாவி செய்ய வந்தாரு. இவன் ரெண்டு விரல் போன அந்த இடது கையால சின்னச் சாவியப் பிடிக்கச் சிரமப்பட்டான். நான் பிடிச்சுக்கிட்டேன். அந்தாள் போனதும், 'டீ குடிக்கிறியா'ன்னு கேட்டான். குடிச்சோம். அவ்வளவுதான்."

நான் மறுபடி வில்லையை எடுத்துப் போட்டேன். அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஒன்றைத் தப்பாகச் சொன்னார், பேசாமல் அடுத்ததற்குப் போனார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது அவர் அந்தக் கடைக்குப் போய் வருகிறார். கோபம் குறைந்ததா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியல. திட்டுறான். டீயும் வாங்கித் தர்றான்" என்றார்.